3 ரூபாய் திரியும் 121 ரூபாய் ஜெல் கேண்டிலும்: சைடு பிசினஸ் கணக்கு எங்க தொடங்குது?

ஜெல் கேண்டில் பண்ணி விற்கலாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல விசாரிக்கிறது ஜெல் கிலோ என்ன விலை, கண்ணாடி டம்ளர் எங்க மலிவு, எந்த வாசனை நல்லா ஓடும், இந்த மூணும்தான். திரியைப் பத்தி யாரும் கேட்கிறதில்லை. ஆன்லைன்ல 100 எண்ணம் கொண்ட பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டா அந்த வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க.

கணக்குப் பார்க்கிற ஆள் கண்ணுல இது நேர் தலைகீழ். ஒரு கேண்டில்ல மிகவும் விலை குறைஞ்ச பொருள் திரி. ஆனா அந்த கேண்டில் ஒழுங்கா எரியுமா, கஸ்டமர் திரும்ப வருவாங்களா, கண்ணாடி வெடிக்காம இருக்குமான்னு முடிவு பண்றது அதேதான். அதனால ஒரு சின்ன வேண்டுகோள். 10 கிலோ ஜெல் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிடுங்க. ஜெல் உருக்கி ஊத்துறதை வீடியோல பார்த்துக்கலாம். இங்க திரி, அதுக்கு அப்புறம் அதோட கணக்கு.

திரி என்ன வேலை செய்யுது

வீட்டுல விளக்கு ஏத்துறவங்களுக்கு இது புதுசில்லை. அகல்ல பஞ்சுத் திரியைத் தடிமனாத் திரிச்சா சுடர் பெருசா வரும், கரி பிடிக்கும், எண்ணெய் சீக்கிரம் தீரும். மெல்லிசாத் திரிச்சா சுடர் முணுக் முணுக்னு நின்னு கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடும். மெழுகுவர்த்தியிலும் அதே கதைதான். சுடரோட சூட்டுல மேல இருக்கிற ஜெல் உருகுது. உருகினது திரி இழைகள் வழியா மேல ஏறி ஆவியாகுது. அந்த ஆவிதான் எரியுது. எவ்வளவு எரிபொருள் மேல ஏறணும்கிறதைக் கட்டுப்படுத்துற குழாய்தான் திரி.

அகல் விளக்குல எண்ணெய் குறைஞ்சா நாமே ஊத்துவோம், திரியைத் தள்ளிவிடுவோம். கேண்டில்ல அந்த வசதி கிடையாது. நீங்க ஓசூர்ல வச்ச திரியை, கிருஷ்ணகிரியில வாங்கினவங்க வீட்டுல யாரும் சரி பண்ண மாட்டாங்க.

ஜெல் சாதாரண மெழுகு இல்லை

பேரு ஜெல் வாக்ஸ்னு இருந்தாலும் அதுல மெழுகே இல்லை. மினரல் ஆயிலும், அதைக் கெட்டியாக்குற ஒரு வகை பாலிமரும்தான். அமெரிக்காவுல பென்ரெகோன்னு ஒரு கம்பெனி 1990-களின் கடைசியில இதுக்குக் காப்புரிமை எடுத்துப் பெரிய அளவுல கொண்டுவந்தது. இன்னைக்கு லோ, மீடியம், ஹைன்னு மூணு அடர்த்தியில கிடைக்குது. பாலிமர் கூடக் கூட ஜெல் கெட்டி. உள்ள போடுற சிப்பி, கண்ணாடிக் கோலி எல்லாம் அடியில போய் உட்காராம நடுவுல நிக்கும்.

திரி எடுக்கிறதுல இதனால 3 விஷயம் மாறுது. உருகின பாரஃபின் தண்ணி மாதிரி ஓடும். உருகின ஜெல் பிசுபிசுன்னு இருக்கும், திரியில ஏற சிரமப்படும். அதனால அதே விட்டமுள்ள பாரஃபின் கேண்டிலுக்கு வைக்கிறதை விட ஒரு சைஸ் பெரிய திரி தேவைப்படும். அடுத்தது, ஜெல் பாரஃபினை விட அதிக சூட்டுல எரியும். மூணாவது, ஜெல் இறுகினாலும் மெத்துன்னுதான் இருக்கும். மெழுகு மாதிரி திரியைப் பிடிச்சு நிமிர்ந்து நிக்க வைக்காது. மேல உருகினதும் வெறும் நூல் திரி தலை சாய்ஞ்சு, கண்ணாடி ஓரத்துல போய் ஒட்டிக்கும். அந்த இடத்துல கண்ணாடி ஒரே பக்கமா சூடாகி விரிசல் விடுறதுக்கு வாய்ப்பு இருக்கு.

ஆக, ஜெல்லுக்குப் பெரிய திரி வேணும், ஆனா ரொம்பப் பெருசாப் போனா சூடு அதிகம். இந்த இடைவெளி சின்னது. சும்மா கண் பார்வையில பிடிக்க முடியாது.

எந்தத் திரி

ஜெல்லுக்கு வழக்கமா எடுக்கிறது நடுவுல மெல்லிய துத்தநாகக் கம்பி வச்ச பருத்தித் திரி. கடையில ஜிங்க் கோர்னு கேட்டா கொடுப்பாங்க. கம்பி இருக்கிறதால வளைச்ச இடத்துல வளையும், நிமிர்த்தினா நிமிர்ந்து நிக்கும். 44-20-18, 51-32-18, 60-44-18 மாதிரி எண்கள் போட்டு வரும். முதல் எண் கூடக் கூடத் தடிமன் கூடும்னு இப்போதைக்கு வச்சுக்குங்க. 5 செ.மீ. அகலக் கண்ணாடிக்கு 44 வரிசையில, 7 செ.மீ. பக்கம் போனா 51-ல, அதுக்கு மேல 60-ல சோதனையைத் தொடங்கலாம். இது தொடங்குற இடம்தான். முடிவை உங்க ஜெல்லும் உங்க வாசனையும்தான் சொல்லும்.

நம்ம ஊர்ல ஒரு பிரச்சினை. ஆன்லைன்ல வர்ற மலிவுப் பாக்கெட்டுகள்ல பெரும்பாலும் நீளம் மட்டும்தான் போட்டிருக்கும்: 3 இன்ச், 4 இன்ச்னு. தடிமன் என்ன, உள்ள கம்பி இருக்கா, ஒரு விவரமும் இருக்காது. அந்தப் பாக்கெட் தீர்ந்து அடுத்தது வாங்கும்போது அதே திரிதான் வரும்னு உத்தரவாதமும் கிடையாது. நீங்க சிப்காட்ல எந்தக் கம்பெனி லைன்ல இருந்தாலும், பார்ட் நம்பர் இல்லாத போல்ட்டை உள்ள விடுவாங்களா? எண் போட்டு விற்கிற சப்ளையர்கிட்ட வாங்குங்க. ஒரு திரிக்கு 3 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. ஏன்னு கீழ கணக்குல வருது.

கம்பித் திரின்னதும் ஈயம் ஞாபகத்துக்கு வரணும். ஒரு காலத்துல ஈயக் கம்பி வச்ச திரிகளும் விற்பனையில இருந்தது. எரியும்போது ஈயம் காத்துல கலக்கும், குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு நேரடி ஆபத்து. அமெரிக்கா 2003-ல தடை பண்ணிடுச்சு. பில் இல்லாம, பேர் இல்லாம வர்ற திரியில கம்பி இருந்தா ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. நூலைப் பிரிச்சு கம்பியை வெள்ளைத் தாள்ல தேய்ங்க. பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறம் விழுந்தா அது ஈயமா இருக்கலாம். தூக்கிப் போடுங்க. துத்தநாகம் அப்படிக் கோடு போடாது.

இன்னொண்ணு, மெழுகு பூசின திரி. ரெடிமேடா வர்ற திரி பெரும்பாலும் பாரஃபின் பூசினதுதான். பாரஃபின் 60 டிகிரிக்குள்ள உருகிடும். நீங்க ஊத்துற ஜெல் 90 டிகிரிக்கு மேல இருக்கும். பூச்சு கரைஞ்சு திரியைச் சுத்தி வெண்மையா புகை மூட்டம் மாதிரி நிக்கும், குட்டிக் குட்டி குமிழ்களும் வரும். பால் மாதிரி இருக்கிற சோயா மெழுகுல இது தெரியாது. கண்ணாடி மாதிரி இருக்கிறதுக்காகவே வாங்குற ஜெல்லுல இது பளிச்னு தெரியும். அதனால பூச்சு இல்லாத திரியை வாங்கி நீங்களே ஜெல்லுல முக்கி எடுக்கிறது நல்லது.

திரியை நிறுத்துறது

உருகின ஜெல்லுல திரியை முழுசா முக்கினா முதல்ல குமிழ் வரும். நூலுக்குள்ள இருக்கிற காத்து அது. குமிழ் நிக்கிற வரைக்கும் வச்சிருந்து எடுத்து, ரெண்டு நுனியையும் பிடிச்சு நேரா இழுத்து, ஒரு தட்டுல ஆற விடுங்க. இந்தக் காத்தை இப்போ எடுக்கலைன்னா பிறகு கேண்டிலுக்குள்ள குமிழா வந்து நிக்கும்.

திரியோட அடியில வர்ற வட்டத் தகரத்தை சஸ்டெய்னர்னு சொல்வாங்க. அதுல நடுவுல சின்னக் கழுத்து ஒண்ணு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். கழுத்து நீளமா இருக்கிறதா பார்த்து எடுங்க. ஜெல் தீர்ந்து சுடர் கீழ இறங்கும்போது, இந்தக் கழுத்துக்குக் கீழ எரிபொருள் ஏற முடியாம சுடர் தானா அணையும். கழுத்து குட்டையா இருந்தா சுடர் கண்ணாடியோட அடி வரைக்கும் போயிடும். மேஜை கருகுறது, அடி உடையுறது எல்லாம் இந்தக் கடைசி 1 செ.மீ.ல நடக்கிற விஷயம். ரெண்டு வகைக்கும் விலை வித்தியாசம் பைசாக் கணக்குலதான்.

தகரத்தை ஒட்ட சாதாரண க்ளூ கன் பசை வேண்டாம். 95 டிகிரி ஜெல் மேல விழும்போது அது இளகி, தகரம் மிதந்து ஓரத்துக்குப் போயிடும். சூடு தாங்குற சிலிக்கோன் பசை ஒரு பொட்டு போதும். ஆனா முழுசா காயணும், ராத்திரி ஒட்டி மறுநாள் ஊத்துங்க. மேல் நுனியை ரெண்டு ஐஸ் குச்சிக்கு நடுவுல பிடிச்சு, குச்சியைக் கண்ணாடி வாய் மேல வச்சிடலாம். நடு சென்டர்ல இருக்கான்னு மேல இருந்து பார்த்தா மட்டும் போதாது, பக்கவாட்டுல ரெண்டு திசையில இருந்தும் பாருங்க.

உள்ள போடுற அலங்காரம் எரியாத பொருளா இருக்கணும்: கண்ணாடி, சிப்பி, கல். காய்ஞ்ச ரோஜா இதழ் போட்டா அழகா இருக்கும்னு தோணும், அதுவும் ரோஜாவுக்குப் பேர் போன ஓசூர்ல. வேண்டாம். சுடர் இறங்கி வரும்போது அந்த இதழ் ரெண்டாவது திரியா மாறிடும். கல், சிப்பியைக் கூட திரியில இருந்து குறைஞ்சது ஒன்றரை செ.மீ. தள்ளி, கண்ணாடிப் பக்கமா வைங்க.

ஜெல் உருக்குறது பத்தி ரெண்டு வரி. தண்ணிக்குள்ள பாத்திரம் வச்சு உருக்குற முறை ஜெல்லுக்குச் சரிப்படாது. அதுவும் ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு, இங்க தண்ணி 97 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதுக்கு மேல சூடு ஏறாது. அடி கனமான பாத்திரம், இண்டக்ஷன் அடுப்பு, தெர்மாமீட்டர் மூணும் வேணும். 105 டிகிரியைத் தாண்ட விடாதீங்க, பக்கத்துல இருந்து நகராதீங்க. தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது, மூடி போட்டு அணைக்கணும். மூடியை உருக்கத் தொடங்கும்போதே பக்கத்துல வச்சிருங்க. வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கிடையாதுங்கிறதும் இண்டக்ஷனுக்கு இன்னொரு காரணம்.

எரிச்சுப் பார்க்காம விற்காதீங்க

ஒரே மாதிரி 3 கண்ணாடி. ஒரே எடை ஜெல், ஒரே வாசனை, ஒரே அளவு. திரி மட்டும் 3 சைஸ். ஊத்தி ஒரு நாள் முழுக்க ஆற விடுங்க. திரி நுனியை 6 மி.மீ. விட்டு வெட்டுங்க. ஃபேனை நிறுத்திட்டு மூணையும் ஒரே நேரத்துல ஏத்துங்க.

ஒவ்வொரு மணி நேரமும் நோட்டுல எழுதுங்க. சுடர் உயரம், புகை வருதா, திரி நுனியில காளான் மாதிரி கரி கட்டுதா, உருகின குளம் எவ்வளவு அகலம், கண்ணாடியைக் கையால தொட முடியுதா. 4 மணி நேரம் ஆனதும் அணைச்சு, முழுசா ஆறினதும் எடை போட்டு, மறுநாள் திரும்ப ஏத்துங்க. இப்படியே கடைசி வரைக்கும்.

படிக்கிறது சுலபம். சுடர் சின்னதா நின்னு, திரியைச் சுத்தி மட்டும் பள்ளம் விழுந்து, உருகின ஜெல்லுலயே மூழ்கி அணைஞ்சா திரி சின்னது. சுடர் ஆடிக்கிட்டே உயரமா எரிஞ்சு, கண்ணாடி வாயில கறுப்பு படிஞ்சா திரி பெருசு. சரியான திரியில சுடர் அசையாம 2, 3 செ.மீ. உயரத்துல நிக்கும். குளம் கண்ணாடி ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே நின்னாலும் தப்பில்லை.

பலர் முதல் நாள் எரிச்சுப் பார்த்துட்டு சரின்னு முடிவு பண்ணிடுறாங்க. முதல் நாள் எல்லா திரியும் நல்ல திரிதான். ஜெல் பாதிக்குக் கீழ இறங்கின பிறகு சுடர் கண்ணாடிக்குள்ள மாட்டிக்கும், காத்தோட்டம் மாறும், கண்ணாடி சூடு ஏறும். அந்த நிலையில எப்படி எரியுதுங்கிறதுதான் உண்மையான ரிசல்ட். வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு கேண்டிலை முழுசா எரிச்சு முடிக்கவே ரெண்டு வாரம் ஆகும். தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆர்டரைக் குறி வைக்கிறீங்கன்னா ஆடி மாசமே சோதனையைத் தொடங்கணும்.

வாசனையை மாத்தினா சோதனையும் முதல்ல இருந்து. சென்ட் ஆயில் திரியை அடைக்கும், எரியிற விதமே மாறும். ஜெல்லுல எல்லா வாசனையும் கலக்கவும் கலக்காது. ஒரு பங்கு வாசனை எண்ணெய், மூணு பங்கு மினரல் ஆயில் கலந்து கண்ணாடிக் குப்பியில வச்சுப் பாருங்க. கலங்கலா இருந்தாலோ பிரிஞ்சு நின்னாலோ ஜெல்லுக்கு ஆகாது. பிரிஞ்ச எண்ணெய் கேண்டிலுக்குள்ள தனித் தனிப் பையா நிக்கும். சுடர் அதைத் தொடும்போது மேற்பரப்பு முழுக்க குப்னு பிடிக்கலாம். ஃப்ளாஷ் பாயின்ட் 77 டிகிரிக்கு மேல இருக்கணும். சப்ளையர்கிட்ட அந்த எண்ணைக் கேளுங்க. தெரியாதுன்னு சொன்னா வேற சப்ளையர்.

இப்போ கணக்கு

இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்க விலையைப் போட்டுக்குங்க. 150 கிராம் ஜெல் கிலோ 400 ரூபாய்னா 60. கண்ணாடி 35. வாசனை 8. பெட்டி, லேபிள் 15. திரி 3. மொத்தம் 121 ரூபாய். இதுல திரியோட பங்கு இரண்டரை சதவீதம். நல்ல ஜிங்க் கோர் திரி, நீளக் கழுத்து சஸ்டெய்னரோட 7 ரூபாய்னு வைங்க. மொத்தம் 125. விலை 250-ன்னு வச்சு, கூரியர் செலவை கஸ்டமர் ஏத்துக்கிட்டா மேல நிக்கிறது 125.

இப்போ சோதனைச் செலவு. 2 கண்ணாடி சைஸ், 2 வாசனை, 3 திரின்னா 12 கேண்டில். ஜெயிச்ச 4 சேர்க்கையை மறுபடி மூணு மூணு போட்டு உறுதி பண்ணணும், இன்னும் 12. ஆக 24 கேண்டில், 125 ரூபாய் வீதம் 3,000 ரூபாய். ஒரு ரூபாய் வருமானம் இல்லாம எரிஞ்சு போற பணம். இதை நஷ்டம்னு நினைக்காதீங்க, உற்பத்திச் செலவுல சேருங்க. முதல் 200 கேண்டில் மேல பிரிச்சா ஒண்ணுக்கு 15 ரூபாய். மிச்சம் 110.

சோதனை பண்ணாம 15 ரூபாயை மிச்சம் பிடிச்சா என்ன ஆகும்? ஒரு கேண்டில் மூழ்கி அணைஞ்சு திரும்பி வந்தா, கேண்டில் 125 போச்சு, ரெண்டு பக்கக் கூரியர் 120 போச்சு. 245 ரூபாய். ரெண்டு கேண்டிலோட லாபத்தை விட அதிகம். 200-ல 13 திரும்பி வந்தாலே, அதாவது ஆறரை சதவீதம் வந்தாலே, மொத்த சோதனைச் செலவையும் தாண்டிடும். இதுல கண்ணாடி உடைஞ்ச கணக்கை நான் சேர்க்கவே இல்லை.

எடை போட்ட நோட்டுக்கு இன்னொரு பயன் இருக்கு. 4 மணி நேரத்துல 12 கிராம் குறைஞ்சா மணிக்கு 3 கிராம். 150 கிராம்ல கடைசி 15 கிராமை எரியக் கூடாத பகுதின்னு விட்டா 45 மணி நேரம். லேபிள்ல '45 மணி நேரம் எரியும்'னு தைரியமா போடலாம். பக்கத்துக் கடை கேண்டிலோட விலையை ஒப்பிட, கிராமை விட இந்த மணிக்கணக்குதான் சரியான அளவு.

உங்க நேரத்துக்கும் ஒரு விலை போடுங்க. வாரக் கடைசியில 20 கேண்டில் பண்ணி, பேக் பண்ணி, கூரியர்ல போட 8 மணி நேரம் ஆகுதுன்னா, 2,200 ரூபாயை 8-ஆல வகுத்தா மணிக்கு 275. அதுவும் 20-ம் வித்தாத்தான். கம்பெனியில ஓ.டி. கிடைச்சா சட்டப்படி இரட்டைச் சம்பளம். எது பெருசுன்னு நீங்களே பாருங்க. சிலருக்கு ஓ.டி.தான் லாபம்னு பதில் வரும். அதுவும் நல்ல பதில்தான்.

பிரச்சினை வந்தா யார் தலையில

வீட்டுல இருந்து உங்க பேர்ல பண்ணினா நீங்கதான் உரிமையாளர். கம்பெனி வேற, நீங்க வேறன்னு சட்டம் பிரிச்சுப் பார்க்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தயாரிப்புப் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. பொருளோட குறையால ஒருத்தருக்குச் சேதம் வந்தா, தயாரிச்சவர்கிட்ட நஷ்டஈடு கேட்கலாம். போதுமான எச்சரிக்கை கொடுக்காததும் அதுல சேரும். அந்தப் பணம் உங்க சேமிப்பில இருந்துதான் போகணும்.

அதனால ஒவ்வொரு கேண்டில் அடியிலும் ஒரு ஸ்டிக்கர்: திரியை 6 மி.மீ.க்கு வெட்டி ஏத்தவும், ஒரு தடவைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 1 செ.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்தவும், ஆள் இல்லாத அறையில் எரிய விட வேண்டாம். கூடவே பேட்ச் நம்பர். எந்தத் தேதி, எந்த ஜெல், எந்தத் திரின்னு உங்க நோட்டுல அந்த நம்பருக்கு எதிர்ல இருக்கணும். ஒரு கேண்டில்ல புகார் வந்தா அந்த பேட்ச்சை மட்டும் திரும்பக் கேட்கலாம். அந்த நம்பர் இல்லைன்னா எல்லாத்தையும் கேட்கணும். பெட்டியில பேர், முகவரி, நிகர அளவு, எம்.ஆர்.பி., தயாரிச்ச மாதம், புகார் தொடர்பு எண் இதெல்லாம் சட்டமுறை எடையளவு விதிப்படி எப்படியும் வேணும்.

மத்திகிரியோ பாகலூர் ரோடோ, வாடகை வீடுன்னா ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. 'குடியிருப்புக்கு மட்டும்'னு ஒரு வரி அனேகமா இருக்கும். வீட்டு உரிமையாளர்கிட்ட முதல்லயே பேசுறது நல்லது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற தொழில் செய்யக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கான்னும் பாருங்க.

வரி: ஓசூர்க்காரங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்

பொருள் விற்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுல ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இதைக் கேட்டதும் பலர் நிம்மதி ஆயிடுறாங்க. ஆனா இந்த வரம்பு மாநிலத்துக்குள்ள விற்கிறவங்களுக்கு. ஓசூர்ல இருந்து அத்திப்பள்ளி தாண்டினா கர்நாடகா. எலக்ட்ரானிக் சிட்டியில இருக்கிற உங்க நண்பருக்கு கூரியர்ல 10 கேண்டில் அனுப்பினா அது வெளிமாநில விற்பனை. பொதுவிதிப்படி, வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கிறவங்க முதல் ரூபாயில இருந்தே பதிவு எடுக்கணும். சேலத்துல இருக்கிறவருக்கு இது எப்பவாவது வர்ற பிரச்சினை. ஓசூர்ல இருக்கிறவருக்கு பெரிய மார்க்கெட்டே பார்டருக்கு அந்தப் பக்கம்தான்.

கைவினைப் பொருட்களுக்கு நிபந்தனையோட ஒரு விலக்கு இருக்கு. கையால செய்யிற மெழுகுவர்த்தியும் அந்தக் கைவினைப் பட்டியல்ல வருது. ஆனா பான் வேணும், மதிப்பு எவ்வளவு சின்னதா இருந்தாலும் இ-வே பில் வேணும். உங்க கேண்டில் அந்த வரையறைக்குள்ள நிக்குமான்னு, முதல் பார்சல் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட ஃபோட்டோவோட காட்டிக் கேட்டுக்குங்க. ஆன்லைன் தளம் வழியா பதிவு இல்லாம விற்க 2023 அக்டோபர்ல இருந்து வழி இருக்கு. அதுவும் மாநிலத்துக்குள்ள மட்டும்தான். பதிவு இல்லைன்னா பெங்களூருல ஜெல் வாங்கும்போது கட்டுற ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அது உங்க அடக்க விலையிலயே சேரும்.

வருமான வரியில கேண்டில் லாபம் வியாபார வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது. உத்தேச வருமான முறையில ஐடிஆர்-4 போட்டா, யுபிஐ, வங்கி வழியா வந்த விற்பனைக்குக் குறைஞ்சது 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபமாக் காட்டணும். 2 லட்சம் ரூபாய் யுபிஐ விற்பனைன்னா குறைஞ்சது 12,000. நிஜ லாபம் அதை விட அதிகம்னா அதைத்தான் காட்டணும்.

நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது. 'எப்படியும் டிடிஎஸ் ரீஃபண்ட் வரும்'னு நினைச்சு ஸ்டாக் வாங்கிக் குவிக்கிறவங்க இதைக் குறிச்சுக்கணும். இன்னொண்ணு, சம்பளம் மட்டும் இருக்கிறவரைக்கும் பழைய வரி முறை, புதிய வரி முறை ரெண்டுல எது லாபமோ அதை வருஷா வருஷம் மாத்தி எடுக்கலாம். வியாபார வருமானம் சேர்ந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறை வேணும்னா கெடு தேதிக்குள்ள தனிப் படிவம் போடணும். அதுல இருந்து ஒரு தடவை புதிய முறைக்கு வந்துட்டா, வியாபார வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன் வட்டி, 80சி எல்லாம் வச்சு பழைய முறையில இருக்கிறவங்க, 20,000 ரூபாய் கேண்டில் லாபத்துக்காக இதை இழக்குறது சரியான்னு ஒரு தடவை கணக்குப் போட்டுட்டு இறங்குங்க.

சோதனை நோட்டுக்கான எக்செல் ஷீட் வீடியோவுக்குக் கீழ இருக்கு. திரி எண், மணி நேரம், எடை மூணையும் நீங்க போட்டா போதும். மணிக்கு எத்தனை கிராம், ஒரு கேண்டிலுக்கு என்ன அடக்கம்னு அதுவே கணக்குப் போட்டுடும்.